கிளச்சு இல்லாத கார்

சிவகாசித் தேரடி முக்கில் வெள்ளைத்துரையின் கார் போட்ட சத்தத்துக்கு, அது இந்நேரம் மதுரை போய்ச் சேர்ந்து ஒரு காப்பியும் குடித்திருக்க வேண்டும். எதிரே இருந்த வெற்றிலைக் கடையைக்கூட அது இன்னும் தாண்டவில்லை.

"மிதிலே சங்கையா, நல்லா மிதி!" பின்சீட்டில் இருந்த வெள்ளைத்துரை முன்சீட்டின் முதுகில் தட்டினார்.

"மிதிச்சுக்கிட்டுத்தான் மொதலாளி இருக்கேன். ரெண்டு காலாலயும் மிதிக்கேன்!" என்றான் டிரைவர் சங்கையா.

கார் உறுமியது. நடுங்கியது. பிறகு மனசு மாறியதுபோல நாலடி ஊர்ந்து, மறுபடியும் யோசனையில் ஆழ்ந்தது. காகித லோடு ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று அதைத் தாண்டிப் போனது. வலத்து மாடு திரும்பிப் பார்த்தது. மாடு சிரிக்காது என்று சொல்கிறவர்கள் அந்த மாட்டைப் பார்த்ததில்லை.

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது: "என்ன அண்ணாச்சி, வெடி நமுத்துப் போச்சா?"

வெள்ளைத்துரை கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிக்கொள்வதற்கு ஒரு மனிதனுக்கு எவ்வளவு மானக்கேடு இருக்க வேண்டும் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

காரணம் இருந்தது. நாரணாபுரத்தில் அவர் வைத்திருந்த பட்டாசு ஆலையின் சரக்குக்குக் 'கார் மார்க்' என்று பெயர். சிவகாசியில் வெடிக்குள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மேலே என்ன படம் என்றுதான் கேட்பார்கள். அச்சகத்தில் யாரோ ஒரு சோப்புக் கம்பெனிக்காரன் செய்யச் சொல்லி, வாங்காமலே போன கார்ப் படம் ஒன்று சும்மா கிடந்தது. வெள்ளைத்துரை அதைத் தன் லேபிளில் போட்டுக்கொண்டார். லேபிளில் கார் வந்து ஒன்பது வருசம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில்தான் வீட்டில் கார் வந்தது.

அது ஒரு ஜமீன்தார் கழித்துவிட்ட பழைய அமெரிக்கக் கார். நீளம் எவ்வளவென்றால், முன்பக்கம் சந்து திரும்பி முடித்த செய்தி பின்பக்கத்துக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும். மதுரைப் புரோக்கர் அதன் பெருமையை ஒரே வரியில் சொன்னார்: "கெளச்சே கெடையாது அண்ணாச்சி. கியரை அதுவே மாத்திக்கிடும்."

வெள்ளைத்துரை அந்த இடத்திலேயே விழுந்துவிட்டார். முதலாளி பக்கத்தில் நின்று கத்தாமல் தானாக வேலை செய்கிற ஒன்றை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

புரோக்கரின் ஆள் மதுரையிலிருந்து ஓட்டி வந்தபோது கார் வெண்ணெயில் கத்தி போவதுபோல வந்தது. சாவியைச் சங்கையா கையில் கொடுத்துவிட்டு அவன் பஸ் ஏறிய நிமிசத்திலிருந்து இந்தக் கூத்து. எஞ்சின் கத்தும், சக்கரம் கேட்காது.

"புரோக்கர் பய என்னமோ மந்திரம் பண்ணி ஓட்டிட்டு வந்திருக்கான் மொதலாளி" என்றான் சங்கையா. பதினெட்டு வருசம் தூத்துக்குடிக்கும் விருதுநகருக்கும் இடையே லாரி ஓட்டியவன். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெங்களூர்ப் பெத்தணன் வருகிறார். பெத்தணன் விருதுநகரில் பிறந்து, பெங்களூரில் மொத்த வியாபாரியாகிப் பெருத்தவர். மைசூர் ராஜ்யத்தில் தீபாவளிக்கு எந்தப் படம் போட்ட வெடி வெடிக்க வேண்டும் என்பதை அவர்தான் தீர்மானிப்பார். கார் மார்க்கா, போட்டி ஆலைக்காரர் ஊர்க்காவலனின் பூசணிக்காய் மார்க்கா என்று இந்தத் தடவை நேரில் பார்த்து முடிவு செய்வதாக எழுதியிருந்தார். கடிதத்தின் கடைசி வரி: 'தங்கள் காரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஸ்டேசனுக்கு அதிலேயே வரவும்.'

இந்த சீசன் ஆர்டர் கை நழுவினால் ஆலைக் கதவைச் சாத்திவிட்டு, வெள்ளைத்துரை மறுபடியும் தகப்பனாரின் மொச்சைக்கொட்டை வியாபாரத்துக்கே போக வேண்டியதுதான். மொச்சைக்கொட்டைக்கு லேபிளும் கிடையாது, மரியாதையும் கிடையாது.

விருதுநகரிலிருந்து ராக்கப்பன் வரவழைக்கப்பட்டான். எண்ணெய் மில் எஞ்சின்களுக்கு அவன்தான் வைத்தியன். சைக்கிளை நிறுத்திவிட்டு, காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சக்கரத்தைத் தொட்டான். சட்டென்று கையை உதறினான்.

"நாலு சக்கரமும் தோசைக்கல்லு கணக்கா சுடுது! எம்புட்டுத் தூரம் ஓடுச்சு?"

"வீட்டுல இருந்து தேரடி வரைக்கும்" என்றார் வெள்ளைத்துரை.

"அமெரிக்கா வண்டியில்லா! நம்ம வெயில் பழகியிருக்காது" என்று ராக்கப்பன் அந்த விசயத்தை முடித்தான். "சரி, என்ன செய்யுது?"

"வழுக்குது. எஞ்சின் சுத்துது, சக்கரத்துக்குப் பிடிமானம் இல்ல."

"கியருப் பொட்டிக்குள்ள என்ன இருக்கு?"

"எண்ணெய்."

ராக்கப்பன் வெள்ளைத்துரையைப் பரிதாபமாகப் பார்த்தான். "அண்ணாச்சி, எண்ணெய் இருந்தா வழுக்காம என்ன செய்யும்?"

அடியில் இருந்த திருகைக் கழற்றி எண்ணெயையெல்லாம் வடித்தார்கள். வெள்ளைத்துரையின் மனைவி சொர்ணலட்சுமி அதை வீணாக்க மனமில்லாமல் ஊறுகாய்ச் சாடிகளில் பிடித்து வைத்தாள்.

சங்கையா எஞ்சினைக் கிளப்பினான். கார் இப்போது ஊரக்கூட இல்லை. நட்ட கல்லாக நின்றது.

"பாத்தீகளா, வழுக்குறது நின்னு போச்சு" என்றான் ராக்கப்பன்.

"நகரவே இல்லையேடா!"

"நகந்தாத்தான அண்ணாச்சி வழுக்கும்?"

அப்படியானால் எண்ணெய் வேண்டும் என்று ஆகிவிட்டது. என்ன எண்ணெய்? விருதுநகர் மொத்தக் கடைவீதியில் இதைக் கேட்டது தப்பு. எண்ணெயால் வாழ்கிற ஊர் அது. கடலை எண்ணெய்தான் என்றது ஒரு கட்சி. ஆமணக்கெண்ணெய் என்றது இன்னொரு கட்சி. பேதிக்கே போகிறதென்றால் காருக்குப் போகாதா என்று வாதம் செய்தது. இரண்டு நாள் கடைவீதியில் வியாபாரம் நடக்கவில்லை. கடைசியில், உடம்புச் சூட்டுக்கு நல்லெண்ணெய்க்கு மிஞ்சியது உண்டா என்று ஒரு பெரியவர் கேட்டார். அதோடு எல்லாரும் அடங்கிப் போனார்கள்.

செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைப் பெட்டி நிறைய ஊற்றினார்கள். கார் பழையபடி உறுமி, பழையபடி ஊர்ந்தது. ஒரே ஒரு வித்தியாசம்தான். கால் மைல் ஊர்ந்ததும் பலகார வாசனை கிளம்பியது. இரண்டு தெருக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று, யார் வீட்டில் கல்யாணம் என்று விசாரித்தார்கள். கார்த் திண்டில் சாய்ந்திருந்த வெள்ளைத்துரைக்கே பசி எடுத்துவிட்டது.

"எண்ணெய் செரிதான் அண்ணாச்சி. பிடிமானந்தான் பத்தல" என்றான் ராக்கப்பன். "மில்லுல பெல்ட்டு வழுக்குனா என்ன செய்வோம்? குங்கிலியப் பொடி தூவுவோம்ல? கப்புன்னு பிடிச்சுக்கிடும்."

"பொட்டிக்குள்ள எப்படித் தூவுவே?"

"தூவ வேண்டாம். ரெண்டு படி போட்டுருவோம்."

போட்டார்கள். பார்த்துவரலாமென்று விருதுநகர்ச் சாலையில் கிளம்பினார்கள். பாதி வழிக்கு மேல் வந்து ஆமத்தூரை நெருங்கும்போது காரின் அடியிலிருந்து குங்கிலியப் புகை குபுகுபுவென்று எழும்பியது. நல்லெண்ணெய் வாசனையும் குங்கிலியப் புகையும் சேர்ந்தால் தமிழ்நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆமத்தூர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்தார்கள். ஒருவர் காருக்கு முன்னால் தேங்காய் உடைத்தார். இன்னொருவர் வெள்ளைத்துரையின் மடியில் வெற்றிலை பாக்கைப் போட்டு, பையனுக்கு எப்போது வேலை கிடைக்கும் என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து மாடத்தி என்ற அம்மாளுக்கு அருள் வந்துவிட்டது. அவளுடைய அடைக்கோழி காருக்கு முன்னால் படுத்திருந்தது என்றும், அதனால்தான் அருள் வந்தது என்றும் பிற்பாடு சிலர் சொன்னார்கள். அதெல்லாம் நம்பிக்கை இல்லாதவர்களின் பேச்சு.

"ஏலே! முன்னால வராதே! வந்த வழியே பின்னால போ!" என்று அவள் தலையை விரித்துப் போட்டு ஆடினாள்.

வெள்ளைத்துரைக்குத் தர்மசங்கடம். தொழிலில் முன்னேறுகிறவன் பின்னால் போகக் கூடாது என்பது அவருடைய கொள்கை. காரைப் பின்னால் நகர்த்த வேண்டியிருந்தால் ஆலை ஆட்களை விட்டுக் கையால் தள்ளச் சொல்வாரே தவிர, அந்தக் கியரை இதுவரை போடவிட்டதில்லை. ஆனால் ஆத்தா சொல்லும்போது கொள்கை என்ன செய்யும்?

"பின்னால எடுலே" என்றார்.

சங்கையா கியர்த் தண்டை இழுத்தான். உடம்பை முழுக்கத் திருப்பி, ஒரு காலைச் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டு, பின் கண்ணாடி வழியாகப் பார்த்து மிதித்தான்.

கார் பறந்தது.

ஆமத்தூர் சிறுத்துப் புள்ளியாகி மறைந்தது. வழியில் நின்ற பனைமரங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடின. சிவகாசி வந்து நின்றபோது வெள்ளைத்துரையின் தோளில் துண்டு இல்லை. அது ஆமத்தூரிலேயே தங்கிவிட்டது.

ராக்கப்பன் காரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "தெய்வமே சொன்ன பெறகு நான் கை வைக்கப்படாது அண்ணாச்சி." நல்லெண்ணெயையும் குங்கிலியத்தையும் வழித்துக் கொட்டி, மண்ணெண்ணெயால் கழுவி, ஊறுகாய்ச் சாடிகளில் இருந்த பழைய எண்ணெயையே திரும்ப ஊற்றினான். முன்னால் எடுத்துப் பார்த்தார்கள்: வழுக்கியது. பின்னால் எடுத்தார்கள்: பறந்தது.

"முன் கியரு செத்துப் போச்சு. பின் கியரு மட்டும் உசுரோட இருக்கு" என்று ராக்கப்பன் தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினான். சைக்கிள் முன்னால் போனது. வெள்ளைத்துரை அதைப் பொறாமையோடு பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை. விருதுநகர் ஸ்டேசன் வாசலில் பூசணிக்காய் மார்க் ஊர்க்காவலன் புது மெத்தை போட்ட குதிரை வண்டியோடு நின்றார். குதிரைக்குக் கதம்பம் சூட்டியிருந்தது. பக்கத்தில் கார் மார்க்கின் கார்.

பெத்தணன் இறங்கி வந்தார். பின்னால் டிபன் கேரியரைச் சுமந்துகொண்டு அவருடைய ஆள் மொக்கைச்சாமி. பெங்களூர்க் கண்டோன்மெண்டில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் எல்லா வேலையும் பார்த்தவன். துரை கப்பலேறியதும் பெத்தணனிடம் வந்து சேர்ந்தவன். பேச்சு குறைவு.

"வாங்க வாங்க! பிரயாணம் சௌக்கியமா இருந்துச்சா?" என்று வெள்ளைத்துரை கதவைத் திறந்துவிட்டார். பெத்தணனும் வெள்ளைத்துரையும் பின்சீட்டில். மொக்கைச்சாமி சங்கையாவுக்குப் பக்கத்தில்.

ஸ்டேசன் வாசலில் பின்பக்கமாகக் கிளம்ப வெள்ளைத்துரைக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு தடவை முன்னால் முயன்று பார்க்கச் சொன்னார். கார் ஸ்டேசன் கூரையே அதிரும்படி உறுமியது. ஊர்ந்தது இரண்டு அடி.

"நம்ம குதிரை இம்புட்டுச் சத்தம் போடாது பெத்தணண்ணாச்சி" என்றார் ஊர்க்காவலன், குனிந்து ஜன்னல் வழியாக. "ஆனா போகும்."

மொக்கைச்சாமி குனிந்த தலை நிமிராமல் இருந்தான். பிறகு பின்சீட்டுப் பக்கம் திரும்பிப் பெத்தணன் காதில் ஏதோ சொன்னான். டிபன் கேரியரைப் பற்றியதாக இருக்கலாம். பெத்தணனும் அவன் காதில் ஏதோ சொன்னார்.

வெள்ளைத்துரைக்கு வேர்த்துக் கொட்டியது. வேர்வையில்தான் வியாபாரிக்கு மூளை முளைக்கும்.

"சங்கையா! என்னலே சும்மாக் கியரைப் போட்டுக்கிட்டு இருக்கே? யாரு வந்திருக்காகன்னு தெரியல? மரியாதைக் கியரைப் போடு!"

"அது என்ன மரியாதைக் கியரு?" என்றார் பெத்தணன்.

"இந்தக் கார்ல மட்டுந்தான் அண்ணாச்சி உண்டு. மத்த கார்ல டிரைவர் முன்னால போவான், பெரிய மனுசன் அவன் முதுகைப் பாத்துக்கிட்டுப் பின்னால போகணும். இது ஞாயமா? மரியாதைக் கியரு போட்டா நீங்க முன்னால போவீக. அவன் பின்னால வருவான்."

பெத்தணன் வெள்ளைத்துரையை ஒரு நிமிசம் பார்த்தார். "அமெரிக்காக்காரன் என்னமா யோசிச்சிருக்கான்!" என்றார்.

சங்கையா திரும்பி உட்கார்ந்தான். கார் பறந்தது.

ஊர்க்காவலனின் குதிரை விடவில்லை, பின்னாலேயே வந்தது. அதன் கஷ்டத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு பெரிய கார் முகத்துக்கு நேரே பல்லைக் காட்டிக்கொண்டு எதிரே வருகிறது. ஆனால் வந்து சேர மாட்டேன் என்கிறது. எவ்வளவு ஓடினாலும் அதே தூரத்தில் அதே முகம். ஆமத்தூர் விலக்கு வரை தாக்குப் பிடித்த குதிரை, அங்கே கதம்பத்தைக் கடித்துத் துப்பிவிட்டுச் சாலை நடுவில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அது செக்குத் தவிர வேறு எதையும் இழுக்கச் சம்மதிக்கவில்லை என்பார்கள்.

ஆமத்தூர்க்காரர்கள் காரைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "எனக்கா இம்புட்டு மரியாதை?" என்றார் பெத்தணன்.

"பின்னே? கார் மார்க்னா சும்மாவா?" என்றார் வெள்ளைத்துரை.

பட்டாசு ஆலைக்குள் கார் நுழையக் கூடாது. வெளிவாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்தினார்கள். பெத்தணன் உள்ளே போய், கால் மணி நேரம் சரக்கைப் பார்த்தார். வெளியே வந்து, அரை மணி நேரம் காரைப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். சுற்றி வந்தார்.

"ரெண்டு வேகன் ஆர்டர் தாரேன்" என்றார். "ஒரே ஒரு விசயம். எனக்கு இந்தக் கார் வேணும்."

வெள்ளைத்துரையின் நெஞ்சுக்குள் ஆயிரம் வாலாச் சரம் ஒன்று பற்றிக்கொண்டது. முகத்தில் மட்டும் இழவு வீட்டுக் களையை வரவழைத்தார்.

"என்னண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டீக? அது எனக்கு மக மாதிரி."

"மகளைத்தானப்பா கட்டிக் குடுப்பாக? மகனையா கட்டிக் குடுப்பாக?"

"மரியாதைக் கியரு உள்ள கார் இந்த ஜில்லாவுலயே வேற கெடையாது..."

"அதுக்குத்தான கேக்கேன். ஆர்டர் வேணுமா, கார் வேணுமா, சொல்லும்."

வெள்ளைத்துரை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேப்பமரத்தடியிலேயே காரை எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார். பெத்தணன் ஆர்டரில் கையெழுத்துப் போட்டார். விருந்தாளிக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த சொர்ணலட்சுமி உள்ளே போய் மஞ்சளும் குங்குமமும் எடுத்துவந்து, காரின் நெற்றியில் வைத்து, மகளை அனுப்புவதுபோலவே நின்றாள். அவளுக்கு விசயம் தெரியாது. அதனால் அவள் அழுகை நிஜம். சங்கையா மட்டும் மரத்துக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு வந்தான்.

"ஓட்டுறது யாரு?" என்று கேட்டார் வெள்ளைத்துரை.

"நம்ம மொக்கைச்சாமிதான். துரை வீட்டுல எல்லா வேலையும் பாத்தவன்."

பெங்களூர் வரைக்கும் பின்னால் திரும்பியபடியே ஓட்டினால் இவன் கழுத்து என்னவாகும் என்று நினைக்கையில் வெள்ளைத்துரைக்கே இரக்கம் பிறந்தது. ஜன்னல் பக்கம் போய் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, மரியாதைக் கியர்லயே போ. இறங்கும்போது கழுத்துக்குக் கொஞ்சம் நல்லெண்ணெய் தேய்ச்சுக்க."

மொக்கைச்சாமி தலையாட்டினான். பெத்தணன் பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து, வெற்றிலையை மடிக்க ஆரம்பித்தார். எல்லாரும் காரின் பின்பக்கத்திலிருந்து விலகி நின்றார்கள்.

மொக்கைச்சாமி திரும்பிப் பார்க்கவில்லை. கியர்த் தண்டை முன்பக்கத்துக்குத் தட்டினான். கார் உறுமவில்லை. நடுங்கவில்லை. வெண்ணெயில் கத்தி போவதுபோல முன்னால் நகர்ந்தது. அதன் நிழலில் படுத்திருந்த நாய்க்கு வெயில் பட்ட பிறகுதான் கார் போய்விட்டது தெரிந்தது. கார் வேப்பமரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வெள்ளைத்துரைக்குப் பக்கத்தில் வந்து, ஒரு கொட்டாவிச் சத்தம்கூட இல்லாமல் நின்றது.

மொக்கைச்சாமி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"ஸ்டேசன்லயே சொல்லியிருப்பேன் மொதலாளி, கார் கைமாறுற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு எங்க அண்ணாச்சி சொல்லிட்டாக. கியர்ல ஒரு குத்தமும் இல்ல. ஒங்க டிரைவர்தான் கெளச்சு இருக்குன்னு நெனச்சு எடது காலால பிரேக்கை அமுத்திக்கிட்டே ஓட்டுதாரு. பின்னால திரும்பிப் பாக்கும்போது மட்டுந்தான் அந்தக் காலை எடுக்காரு."